ஆள் வரவில்லை என்று ஏசுவதற்கு முன், அனுப்பிய மெசேஜை ஒருக்கா வாசியுங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. கோபம் வந்தால் கொமெண்டில் ஏசுங்கள். ஆனால் முழுக்க வாசித்துவிட்டு ஏசுங்கள்.

"எங்கட சனத்துக்குச் சமூக உணர்வே இல்லை. கல்யாண வீடென்றால் முந்நூறு பேர், சிரமதானமென்றால் மூன்று பேர்."

இந்த வசனம் கேட்காத கூட்டம் எங்கள் பக்கத்தில் கிடையாது. பள்ளிவாசல் நிருவாகம், விளையாட்டுக் கழகம், பழைய மாணவர் சங்கம், பாடசாலை அபிவிருத்திக் குழு, எங்கே இருந்தாலும் கடைசியில் யாராவது ஒருவர் இதைச் சொல்லிப் பெருமூச்சு விடுவார். மற்றவர்கள் தலையாட்டுவோம். நாங்களும் ஆட்டியிருக்கிறோம். கல்முனைப் பகுதியில் படிப்பிக்கிற ஆசிரியர்களாகிய நாங்கள் இன்றைக்கு அந்தத் தலையாட்டலை வாபஸ் வாங்குகிறோம். எங்கட சனத்தில் பிழை இல்லை. கூப்பிட்ட விதத்தில்தான் பிழை.

ஏன் இப்படிச் சொல்கிறோம் என்று முதலில் எங்கள் வண்டவாளத்தையே சொல்லிவிடுகிறோம்.

ஒரு மாரியில் வெள்ளம் வடிந்த பிறகு நாங்கள் படிப்பிக்கிற பாடசாலையின் வகுப்பறைகளில் கணுக்கால் அளவுக்குச் சேறு. மேசை, கதிரை எல்லாம் ஊறிப்போய்க் கிடந்தன. நாங்கள் நாலைந்து ஆசிரியர்கள் சேர்ந்து இரவு பத்து மணிக்கு ஒரு மெசேஜ் எழுதி, தெரிந்த வட்ஸ்அப் குழுக்கள் எல்லாவற்றுக்கும் போட்டோம். அடுத்த நாள் காலையில் வந்தவர்கள் ஒன்பது பேர். அதில் மண்வெட்டி கொண்டுவந்தவர்கள் இரண்டு பேர். இன்னும் மூன்று பேர் வேறொரு பாடசாலையின் பூட்டிய கேற்றுக்கு முன்னால் அரை மணித்தியாலம் நின்றுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

அன்று பின்னேரம் கடையடியில் எங்களிடம் ஏ.எல். படித்த தம்பி ஒருவன் எங்களைக் கண்டான். "சேர், நீங்க ஆள் தேடினீங்களாமே? நான் சும்மாதானே வீட்ட கிடந்தன். மெசேஜ் எனக்கும் வந்ததுதான். வெள்ளத்தைப் பத்தின கட்டுரையாக்கும் என்டு நெனச்சி விட்டுட்டன்."

அந்தச் சொல் எங்களுக்குச் சுட்டது. வீட்டுக்குப் போய் அந்த மெசேஜைத் திரும்ப எடுத்து, மாணவன் எழுதிய விடைத்தாளைப் பார்ப்பது போலப் பார்த்தோம்.

முதல் மூன்று வரி ஸலாமும் துஆவும். அடுத்த ஐந்து வரி சமூக சேவையின் சிறப்பு. அதற்கடுத்த எட்டு வரி வெள்ளம் எப்படி வந்தது, எவ்வளவு உயர்ந்தது, யார் யார் எப்படிக் கஷ்டப்பட்டார்கள் என்ற வர்ணனை. பிறகு நாலு வரி நன்றி நவிலல். அதற்குப் பிறகுதான் "ஆகவே". ஆகவேக்குப் பின்னால் ஒரே ஒரு வசனம்: நாளை காலை நமது பாடசாலையில் இடம்பெறவுள்ள சிரமதானத்தில் சமூக உணர்வுள்ள அனைவரும் கலந்து சிறப்பிக்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்கின்றோம்.

நாளை என்றால் எந்த நாளை? இரவு பத்து மணிக்கு எழுதியதைப் பலர் அடுத்த நாள் காலையில்தான் பார்த்தார்கள். அவர்களுக்கு நாளை என்பது நாளை மறுநாள் ஆகிவிட்டது. நமது பாடசாலை என்றால் யாருடைய பாடசாலை? காலை என்றால் ஆறு மணியா, பத்து மணியா? என்ன கொண்டுவர வேண்டும்? எத்தனை மணிக்கு முடியும்? பெண்கள் வரலாமா? யாரிடம் கேட்பது? ஒன்றும் இல்லை. இடையில் ஒரு வெற்று வரிகூட இல்லாமல், சுவர் மாதிரி ஒரே பந்தி.

வட்ஸ்அப்பில் நீளமான மெசேஜ் வந்தால் தலைப்பகுதி மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். மிச்சத்தைப் பார்க்க "மேலும் வாசிக்க" என்பதை அமத்த வேண்டும். அதாவது எங்கள் மெசேஜில் கண்ணுக்குத் தெரிந்தது ஸலாமும் சேவையின் சிறப்பும் மட்டும். உதவி கேட்ட வசனம் திரைக்கு அடியில் புதைந்து கிடந்தது. அந்தத் தம்பி அதைக் கட்டுரை என்று நினைத்ததில் என்ன பிழை?

பத்தாம் வகுப்புப் பிள்ளை "அறிவித்தல் எழுதுக" என்ற வினாவுக்கு இப்படி எழுதியிருந்தால் நாங்கள் பத்துக்கு இரண்டு புள்ளிதான் போட்டிருப்போம். எங்கே, எப்போது, யார் என்று சிவப்புப் பேனையால் ஓரத்தில் எழுதியிருப்போம். பிள்ளைகளுக்கு ஒரு நியாயம், எங்களுக்கு ஒரு நியாயமா?

இது எங்கள் ஒரு மெசேஜின் கதை மட்டும் என்றால் இவ்வளவு எழுத மாட்டோம். உங்கள் போனைத் திறந்து, கடந்த ஒரு மாதத்தில் தொண்டர்கள் தேவை, இரத்தம் தேவை, உதவி தேவை என்று வந்த மெசேஜ்களை எடுத்துப் பாருங்கள். எத்தனையில் திகதி இருக்கிறது? எத்தனையில் இடத்தின் முழுப்பெயர் இருக்கிறது? எத்தனையை ஒரே பார்வையில் விளங்கிக்கொள்ளலாம்?

இரத்தம் கேட்கிற மெசேஜை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஏனென்றால் அதில் தாமதம் ஒரு உயிர்.

"கல்முனை ஆஸ்பத்திரியில் அவசரமாக இரத்தம் தேவை." எந்த ஆஸ்பத்திரி? கல்முனையில் இருப்பது இரண்டு. ஒன்று அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை, மற்றது கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலை. எழுதினவருக்கு எது என்று தெரியும், ஏனென்றால் அவர் வார்டு வாசலில் நின்றுகொண்டு எழுதுகிறார். நிந்தவூரில் இருந்தும் அக்கரைப்பற்றில் இருந்தும் மோட்டார் சைக்கிளில் வெளிக்கிடுகிறவருக்குத் தெரியாது. நோயாளி நிற்கிற ஆஸ்பத்திரியின் பெயரைச் சேர்க்க இரண்டு சொல் போதும். அந்த இரண்டு சொல்லை மிச்சம் பிடித்துவிட்டு, "இதைப் பார்க்கும் அனைவரும் தயவுசெய்து செயார் செய்யுங்கள், ஓர் உயிரைக் காப்பாற்றிய நன்மை கிடைக்கும்" என்று மூன்று வரி எழுதுகிறோம்.

அடுத்தது திகதி. திகதி இல்லாத இரத்த மெசேஜ் மௌத்தாவதே இல்லை. நோயாளி சுகமாகி வீட்டுக்குப் போய் மூன்று மாதம் கழித்தும் அது குழுக்குழுவாகச் சுற்றும். அதைப் பார்த்து மனமிரங்கி ஒருவர் போன் எடுப்பார். "அது போன ரமழானில் சேர், எல்லாம் முடிஞ்சுது" என்று பதில் வரும். இப்படி இரண்டு தரம் ஏமாந்தவர் மூன்றாம் தரம் எடுக்க மாட்டார். மூன்றாவது மெசேஜ்தான் உண்மையான அவசரமாக இருக்கும். நாங்கள் எழுதாமல் விட்ட ஒரு திகதி, நாங்கள் கண்ணால் காணாத இன்னொரு நோயாளியின் கொடையாளியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது.

இதைத் திருத்திவிடலாம் என்று நினைக்காதீர்கள். வட்ஸ்அப்பில் அனுப்பிய மெசேஜைத் திருத்த 15 நிமிடம்தான் தருகிறார்கள். அந்த நேரத்துக்குள் நீங்கள் திருத்தினாலும், மற்றவர்கள் ஏற்கனவே முன்னனுப்பிய பிரதிகள் மாறாது. வாயிலிருந்து போன சொல் மாதிரித்தான். ஆகவே "இந்தத் திகதிக்குப் பிறகு இதை அனுப்ப வேண்டாம்" என்பதை மெசேஜுக்குள்ளேயே எழுதிவிட வேண்டும்.

யார் கொடுக்கலாம் என்பதையும் இரண்டு வரியில் சொல்லலாம். 18 வயதுக்கும் 60 வயதுக்கும் இடையில் இருக்க வேண்டும், குறைந்தது 50 கிலோ நிறை வேண்டும், கடைசியாகக் கொடுத்து நாலு மாதம் போயிருக்க வேண்டும், அடையாள அட்டை வேண்டும். இது தெரியாமல் வந்து வரிசையில் நின்று திரும்பிப் போகிற பிள்ளைகள் எத்தனை பேர். இந்த நாட்டில் இரத்தத்துக்குக் காசு கிடையாது. தன்விருப்பில் வருகிறவர்களை நம்பித்தான் முழு இரத்த வங்கியும் ஓடுகிறது. அப்படி வருகிறவரின் நேரத்துக்கு நாங்கள் கொடுக்கிற மரியாதை இதுதானா?

இனி போஸ்டர்களுக்கு வருவோம். இங்கேதான் சிலருக்குக் கோபம் வரும்.

எங்கள் ஊர்ப் போஸ்டர் ஒன்றை மனதுக்குள் கொண்டுவாருங்கள். மேலே தலைவரின் படம். பக்கத்தில் செயலாளரின் படம். கீழே அனுசரணை வழங்குகிற கடைகளின் அடையாளங்கள். நடுவில் நிழல் விழுகிற தங்க நிற எழுத்தில் கழகத்தின் பெயர். காலமும் இடமும் எங்கே? ஆகக் கீழே, எறும்பு எழுத்தில், மஞ்சள் பின்னணியில் வெள்ளையாக. கண்ணாடி போட்ட வாப்பாமார் போனைத் தூரப்பிடித்துக் கிட்டப்பிடித்துப் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறார்கள்.

தொண்டுக்கு ஆள் கூப்பிடுகிற அறிவித்தலில் தலைவரின் படம் யாருக்கு உதவும்? சேறு அள்ள வருகிறவனுக்குத் தலைவரின் முகம் வேண்டாம். எத்தனை மணிக்கு வர வேண்டும் என்பதுதான் வேண்டும். எங்கள் படம் பெரிதாகவும் வேலையின் விபரம் சிறிதாகவும் இருந்தால், நாங்கள் கூப்பிடுவது வேலைக்கா, எங்களைப் பார்க்கவா என்று கேட்கிற உரிமை சனத்துக்கு இருக்கிறது.

படமாகப் போடுவதில் வேறு நட்டங்களும் உண்டு. படத்துக்குள் இருக்கிற தொலைபேசி இலக்கத்தைப் பல போன்களில் விரலால் தட்டி அழைப்பெடுக்க முடியாது, கடதாசியில் பார்த்து எழுத வேண்டும். பிறகு தேடினால் கிடைக்காது. வெள்ள நாளில் சிக்னல் விட்டுவிட்டு வருகிறபோது எழுத்து மெசேஜ் எப்படியாவது வந்து சேரும், படம் சுற்றிக்கொண்டே நிற்கும். டேட்டா முடிந்தவருக்குப் படம் திறக்காது. பார்வையற்ற எங்கள் சகோதரர்கள் போனில் எழுத்தை வாசித்துக் காட்டுகிற வசதியை வைத்துத்தான் மெசேஜ் பார்க்கிறார்கள். அந்தக் குரல் எழுத்தை அழகாகத் தமிழில் வாசிக்கும். போஸ்டருக்கு முன்னால் அது பெரும்பாலும் ஊமை. பத்து இதயமும் பதினைந்து ரோஜாப்பூவும் போட்டு அலங்கரித்தால், அந்தக் குரல் ஒவ்வொரு இதயத்தையும் ஒவ்வொரு பூவையும் பெயர் சொல்லி வாசித்து முடித்துவிட்டுத்தான் விடயத்துக்கு வரும்.

இன்னும் சிலர் கந்தோரில் பாமினி எழுத்துருவில் அடித்ததை அப்படியே கொப்பி பண்ணிப் போடுகிறார்கள். போனில் அது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வந்து விழுகிறது. தமிழ் எழுத்து யூனிகோடில் இடம்பிடித்தது 1991இல். முப்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது. இன்னும் அறிவித்தல்களைப் பாமினியில் அடித்து, யாருக்கும் விளங்காததை அனுப்புவதற்கு இனி என்ன சாட்டு?

சாட்டு என்றதும் நினைவு வருகிறது. இந்த விடயத்தைக் கதைத்தபோது எங்களுக்குக் கிடைத்த பதில்களையும் சொல்லிவிடுகிறோம்.

முதலாவது பதில்: "நிய்யத்தைப் பாருங்க சேர், எழுத்தையா பார்ப்பீங்க?"

நிய்யத் அல்லாஹ்வுக்குத் தெரியும். மண்வெட்டி கொண்டுவர வேண்டும் என்பது அயலவருக்குத் தெரியாது, நீங்கள் எழுதினால்தான் தெரியும். குர்ஆனில் ஆக நீளமான வசனம் எது? ஸூரத்துல் பகராவின் 282ஆவது வசனம். அது எதைப் பற்றியது? கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது. தவணை குறித்து எழுதுவது, எழுதுகிறவர் நீதியாக எழுதுவது, சாட்சி வைப்பது, தொகை சிறிதென்றாலும் பெரிதென்றாலும் எழுதுவதில் சலிப்படையாமல் இருப்பது, இவ்வளவும் அதில் வருகிறது. நிய்யத் நல்லதாக இருந்தால் எழுத்து எப்படியும் போகட்டும் என்று எங்களுக்கு மார்க்கம் படிப்பிக்கவில்லை. ஒருவனுடைய ஞாயிற்றுக்கிழமைக் காலையை நாங்கள் கேட்கிறோம். நாட்கூலிக்காரனுக்கு அது ஒரு நாள் உழைப்பு. அதுவும் ஒரு கடன்தான். எத்தனை மணியில் இருந்து எத்தனை மணிவரை என்று தவணை எழுதுங்கள்.

இரண்டாவது பதில்: "அவசர நேரத்தில் இதையெல்லாம் பார்க்க நேரமில்லை."

அவசர நேரத்துக்குத்தான் இது ஆக அதிகம் தேவை. 2024 நவம்பர் 26ஆம் திகதி மாவடிப்பள்ளியில் உழவு இயந்திரத்தோடு எங்கள் மதரசாப் பிள்ளைகள் வெள்ளத்தில் அள்ளுண்டு போன அந்த நாளை யாரும் மறந்திருக்க மாட்டோம். ஒரு வருடம் கழித்து, 2025 நவம்பர் கடைசியில், டித்வா சூறாவளி நாட்டையே புரட்டிப் போட்டது. அப்படியான இரவுகளில் போனில் வந்து குவிகிற மெசேஜ்களில் எது புதிது, எது பழையது, எது உண்மை, எந்த இடத்துக்கு ஆள் வேண்டும், எங்கே ஆள் கூடிவிட்டது என்று பிரித்தறிவது எவ்வளவு கஷ்டம். நேரமும் திகதியும் இடமும் தனித்தனி வரியில் இருந்தால் ஒரே பார்வையில் தெரியும். நேரமில்லை என்றால் இன்றைக்கே ஒரு மாதிரியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளம் வருகிற அன்று வெற்றிடத்தை நிரப்பினால் போதும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117, அம்பியுலன்ஸுக்கு 1990, இவற்றை அதன் அடியில் இப்போதே போட்டு வைக்கலாம்.

மூன்றாவது பதில்: "எழுத்து எதுக்கு? வொய்ஸ் போட்டால் போதும்."

வாசிக்கத் தெரியாத மூத்தம்மாவுக்கு வொய்ஸ் தேவைதான், நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் நாலு நிமிட வொய்ஸில் திகதி எந்த இடத்தில் வருகிறது என்று தேடித் திரும்பத் திரும்பக் கேட்டுப் பாருங்கள். வகுப்பில் நிற்கிறவர், பஸ்ஸில் போகிறவர், பிள்ளையைத் தூங்க வைக்கிற தாய், இவர்கள் யாரும் அந்த நேரம் வொய்ஸ் திறக்க மாட்டார்கள். முதலில் எழுத்தைப் போடுங்கள். பிறகு அதையே வாசித்து வொய்ஸும் போடுங்கள். இரண்டும் ஒன்றையே சொல்லட்டும்.

நாலாவது பதில்: "ஸ்டார் போடுறதும் கோடு போடுறதும் சின்னப் பெடியன்களின் விளையாட்டு."

அப்படியென்றால் 2004க்குப் போவோம். அந்த வருடம் டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்தது. இலங்கையில் ஆக அதிகமான உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் எங்கள் அம்பாறை. பத்தாயிரத்துக்கும் மேல். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது என்று கரையோரம் முழுக்க வீடு வீடாகப் போனது. அன்றைக்கு உதவி செய்ய மனிதர்கள் இல்லாமல் இல்லை. நாட்டின் எல்லாப் பக்கத்தில் இருந்தும் லொறி லொறியாக வந்தது. ஆனால் எந்த முகாமில் யார் இருக்கிறார்கள், யாருக்கு என்ன தேவை, யார் எதைக் கொண்டுவருகிறார்கள் என்பது ஒரே ஒழுங்கில் எழுதப்படவில்லை. ஒரு முகாமில் பழைய உடுப்பு மலை மாதிரிக் குவிந்து கிடக்க, இன்னொரு இடத்தில் குழந்தைக்குப் பால்மா இல்லை.

அந்தக் குழப்பத்தைக் கண்டுதான் இந்த நாட்டின் கணினித் தொண்டர்கள் சஹானா என்ற மென்பொருளை உருவாக்கினார்கள். சிங்களத்தில் அந்தச் சொல்லுக்கு நிவாரணம் என்று பொருள். லங்கா சொப்ட்வெயார் பவுண்டேசனோடு சேர்ந்து, சம்பளம் வாங்காமல், சுனாமி வந்து சில நாட்களுக்குள் தொடங்கிய வேலை. காணாமல் போனவர்கள் ஒரு பட்டியல், முகாம்கள் ஒரு பட்டியல், உதவி நிறுவனங்கள் ஒரு பட்டியல், தேவைகள் ஒரு பட்டியல் என்று தகவலைப் பெட்டி பெட்டியாகப் பிரித்து வைப்பதுதான் அதன் அடிப்படை. பிறகு 2005இல் பாகிஸ்தான் பூகம்பத்துக்கும் 2010இல் ஹெயிட்டி பூகம்பத்துக்கும் அதை எடுத்துப் பயன்படுத்தினார்கள். 2006இல் சமூகப் பயனுக்கான சர்வதேச விருதும் கிடைத்தது. எங்கள் கரையில் விழுந்த மையித்துகளில் இருந்து உலகம் படித்த பாடம் அது: உதவுகிற மனம் மட்டும் போதாது, தகவல் ஒழுங்காக இருக்க வேண்டும். அந்தப் பாடத்தை ஹெயிட்டிக்காரன் படித்துவிட்டான். பாண்டிருப்பில் இருந்து மருதமுனைக்கு மெசேஜ் அனுப்புகிற நாங்கள் இன்னும் படிக்கவில்லை.

ஸ்டார் போடுகிற பழக்கமும் நேற்று வந்த விளையாட்டு இல்லை. எழுத்தைத் தடிப்பாக்க வழியில்லாத பழைய மின்னஞ்சல் காலத்தில் முக்கியமான சொல்லின் இரண்டு பக்கமும் நட்சத்திரம் போட்டு எழுதினார்கள். அதையே ஒழுங்குபடுத்தி, அதே 2004இல், ஜோன் குரூபர் என்பவர் மார்க்டவுன் என்ற எழுத்து முறையை வெளியிட்டார். வட்ஸ்அப் 2016இல் தடித்த எழுத்தைக் கொண்டுவந்தது, 2024 பெப்ரவரியில் பட்டியல் போடுகிற வசதியையும் சேர்த்தது. எங்கள் எல்லோருடைய கையிலும் இருக்கிறது. காசு இல்லை, தனியான அப் வேண்டாம், கம்பியூட்டர் கோர்ஸ் வேண்டாம். பட்டன் போனில் எஸ்.எம்.எஸ் ஆகப் பார்த்தாலும் நட்சத்திரம் நட்சத்திரமாகவே தெரியுமே தவிர ஒன்றும் கெட்டுப்போகாது.

தமிழுக்கு இது இன்னும் தேவை. ஆங்கிலத்தில் பெரிய எழுத்து என்று ஒன்று இருக்கிறது, அவசரமான சொல்லை அதில் எழுதிவிடுவார்கள். தமிழில் பெரிய எழுத்து சிறிய எழுத்து கிடையாது. சொற்களும் நீளம். வரி பிரிக்காமல் எழுதினால் எல்லாம் ஒரே மாதிரித் தெரியும்.

சரி, எப்படி எழுதுவது? இதோ, எங்கள் அதே சிரமதான மெசேஜைத் திருத்தி எழுதியிருக்கிறோம். மாதிரிக்காகத்தான். அடைப்புக்குறிக்குள் உங்கள் விபரத்தைப் போடுங்கள்.

*சிரமதானம்: 30 பேர் தேவை*
அஸ்ஸலாமு அலைக்கும் / வணக்கம்.

*எப்போது:* 18.01.2026 ஞாயிறு, காலை 7.30 முதல் 11.00 வரை
*எங்கே:* (பாடசாலையின் முழுப்பெயர், வீதி, அருகில் உள்ள அடையாளம்)
*வேலை:* 6 வகுப்பறைகளில் சேறு அகற்றல்

*கொண்டுவர வேண்டியவை:*
- மண்வெட்டி அல்லது தும்புத்தடி
- வாளி
- பழைய சப்பாத்து

*பெண்கள்:* நூலகத்தில் புத்தகம் துடைத்து அடுக்கும் வேலை, தனி இடம் உண்டு
*சாப்பாடு:* காலைத் தேநீரும் பணிசும் தரப்படும்
*தொடர்பு:* (பெயர், பத்து இலக்கம்)

18ஆம் திகதிக்குப் பிறகு இதை யாருக்கும் அனுப்ப வேண்டாம்.

எண்ணிப் பாருங்கள், பழைய மெசேஜை விட வரிகள் குறைவுதான். ஆனால் அதில் இல்லாத எல்லாம் இதில் இருக்கிறது. செய்தது இவ்வளவுதான்:

1. முதல் வரியிலேயே என்ன தேவை, எத்தனை பேர் தேவை என்று எழுதினோம். ஸலாம் இரண்டாம் வரியில் வந்ததால் அதன் மதிப்புக் குறையாது.
2. ஒரு வரிக்கு ஒரு விடயம். பகுதிகளுக்கு இடையில் ஒரு வெற்று வரி.
3. தலைச்சொல்லின் இரண்டு பக்கமும் நட்சத்திரம். நட்சத்திரத்துக்கும் சொல்லுக்கும் நடுவில் இடைவெளி விடக்கூடாது, விட்டால் தடிக்காது.
4. சாமான்களைச் சிறு கோடும் ஒரு இடைவெளியும் போட்டுக் கீழுக்குக் கீழ் எழுதினோம்.
5. நாளை, நாளை மறுநாள் என்ற சொற்களை எடுத்துவிட்டு, திகதியும் கிழமையும் சேர்த்துப் போட்டோம்.
6. நமது, வழமையான இடம், பெரிய பள்ளியடி, கடற்கரை வீதி என்று எழுதவில்லை. கடற்கரை வீதி இல்லாத ஊர் எங்கள் கரையில் எது?
7. முடிகிற திகதியைக் கடைசியில் எழுதினோம்.

முகநூலில் நட்சத்திரம் தடித்த எழுத்தாக மாறாது. அங்கே வரி பிரித்து எழுதினாலே போதும். இன்னொன்று, எல்லா வரியையும் தடிப்பாக்காதீர்கள். கொப்பியில் ஒவ்வொரு வரிக்கும் அடிக்கோடு போடுகிற பிள்ளையை நாங்கள் எல்லோரும் கண்டிருக்கிறோம். எதுக்கும் கோடு போடாததும் எல்லாத்துக்கும் கோடு போட்டதும் ஒன்றுதான்.

கடைசியாக ஒரு விடயம். இதுதான் எங்கள் மனதை ஆக அரிக்கிறது.

நாங்கள் "அஸர் தொழுகையின் பின்" என்று எழுதுகிறோம். எங்களுக்கு அது போதும். பாண்டிருப்பில் எங்கள் மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற தமிழ்ச் சகோதரருக்கு அது எத்தனை மணி என்று எப்படித் தெரியும்? திரௌபதை அம்மன் கோயில் பக்கத்தில் இருந்து ஒரு அறிவித்தல் நாழிகைக் கணக்கில் வந்தால் எங்களுக்கு விளங்குமா? வெள்ளம் வருகிறபோது அது மதிலுக்கு இந்தப் பக்கம் எது, அந்தப் பக்கம் எது என்று பார்த்து வருவதில்லை. 2004இல் கடலும் பார்க்கவில்லை. அஸருக்குப் பின் என்றே எழுதுங்கள், அதோடு "பின்னேரம் 4.15" என்றும் எழுதுங்கள். ஐந்து எழுத்து. அந்த ஐந்து எழுத்தை விட்டதால், வரத் தயாராக இருந்த அயலவரை நாங்களே வாசலோடு நிறுத்தியிருக்கிறோம். பிறகு அவர்கள் வரவில்லை என்று மனவருத்தமும் பட்டிருக்கிறோம்.

பெண்கள் விடயமும் இப்படித்தான். "அனைவரும் வருக" என்று எழுதினால் எங்கள் உம்மாமாரும் ராத்தாமாரும் அதை ஆண்களுக்கான அழைப்பு என்றே எடுத்துக்கொள்வார்கள். இடம் உண்டா, என்ன வேலை, யாரிடம் கேட்பது என்று ஒரு வரி எழுதினால், வருகிறவர்களின் தொகை இரட்டிப்பாகாது என்று யாரால் சொல்ல முடியும்?

ஆகவே எங்கள் கோரிக்கை மூன்று.

குழு அட்மின்களே, திகதியும் இடமும் இல்லாத உதவி மெசேஜ் வந்தால் அனுப்பியவரிடம் கேட்டு வாங்கிப் போடுங்கள். பதில் வராவிட்டால் அழித்துவிடுங்கள். அந்த அதிகாரம் உங்கள் கையில் இருக்கிறது. அதைக் கட்சிச் சண்டைக்கு மட்டும் பாவிக்காதீர்கள்.

பள்ளிவாசல், கழக, சங்க நிருவாகிகளே, போஸ்டர் அடியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் போஸ்டரோடு சேர்த்து எழுத்து மெசேஜும் போடுங்கள். உங்கள் படத்தைக் கொஞ்சம் சின்னதாக்கி, நேரத்தைக் கொஞ்சம் பெரிதாக்குங்கள்.

ஆசிரியர்களே, இது எங்களுக்கு. அறிவித்தல் எழுதுதல் என்ற பாடத்தைப் பரீட்சைக்காக மட்டும் படிப்பிப்பதை நிறுத்துவோம். உண்மையான சிரமதான மெசேஜை, உண்மையான இரத்த மெசேஜைப் பிள்ளைகளிடம் கொடுத்துத் திருத்தச் சொல்வோம். எங்களை விட அவர்கள் நன்றாகச் செய்வார்கள். எங்கள் மெசேஜையும் அவர்களிடம் கொடுத்தோம். பத்துக்கு இரண்டு என்று நாங்கள் போட்ட புள்ளியைப் பார்த்துவிட்டு ஒரு பிள்ளை சொன்னது: "சேர், ரெண்டும் கூடத்தான்."

இனி ஆள் வரவில்லை என்றால், முதலில் போனை எடுத்து அனுப்பினதை ஒருக்கா வாசியுங்கள். நீங்கள் அந்த ஊருக்குப் புதியவர், அந்தப் பாடசாலை தெரியாதவர், அந்தத் தொழுகை நேரம் தெரியாதவர் என்று நினைத்துக்கொண்டு வாசியுங்கள். உங்களுக்கே வழி தெரியாவிட்டால், சனத்தை ஏசாதீர்கள்.

இந்தப் பதிவு நீளம் என்று சொல்வீர்கள். உண்மைதான். ஆனால் இது ஆள் கூப்பிடுகிற மெசேஜ் இல்லையே. அடுத்த மாரிக்கு முன்னால் அந்த மெசேஜ் வரும், இன்ஷா அல்லாஹ். திரையை உருட்டாமலே வாசித்து முடிக்கலாம். மண்வெட்டியோடு வாருங்கள்.

வஸ்ஸலாம்.